ஜாஸ்தி பேர் படித்த பக்கம்

அந்த மேனேஜரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நான் ஒன்றும் மகான் இல்லை. மகான்கள் இருந்த ஊரில் பிறந்த பாவத்துக்கு எல்லோரும் மன்னித்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன?

இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையில் இருந்த சின்ன கம்பெனி அது. திருவண்ணாமலை லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கும் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. ஆறு மாதம் தற்காலிக வேலை. அது முடிந்ததும் நிரந்தரமா, வீட்டுக்கா என்பதை மேனேஜர்தான் சொல்வார். வீட்டுக்கு என்றால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதி இணையத்தில் ஏற்றுவது என் வேலை. ரசீது அச்சடிப்பது பற்றிய பக்கத்தை மட்டும் மேனேஜரே எழுதினார். அதைப் படித்தால் அச்சடிக்கத் தெரிந்தவனுக்கும் மறந்துபோகும்.

நான் பார்த்துப் பார்த்து எழுதியது பௌர்ணமிப் பக்கம். கிரிவலத்துக்கு வருகிறவர்கள் குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து கிளம்பிவிடுவார்கள். அதனால் ஒரே அறையை ஒரே நாளில் மூன்று குடும்பத்துக்குக் கொடுப்பது எங்கள் ஊர் லாட்ஜ் வழக்கம். சாஃப்ட்வேரோ ஒரு நாளைக்கு ஒரு குடும்பம்தான் என்று அடம்பிடிக்கும். அதை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஒன்பது வரியில் எழுதியிருந்தேன்.

ஐந்தாம் மாதம் மேனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. அவர் பக்கம் உச்சியில் இருந்தது. என் பௌர்ணமிப் பக்கம் கடைசியில் கிடந்தது.

“ஜாஸ்தி பேர் படிச்சா நல்ல பக்கம். கம்மியா படிச்சா வேஸ்ட். உன்னுதெல்லாம் எடுத்துடு. உன் வேலையப் பத்தியும் யோசிக்கணும்மா” என்றார்.

சாயங்காலம் நேராக ஒரு லாட்ஜுக்குப் போய், பௌர்ணமிப் பக்கத்தை ஏன் திறப்பதில்லை என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் சாமி படத்துக்குக் கீழே கையைக் காட்டினார். என் ஒன்பது வரி அங்கே ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்.

“ஒருதரம் கம்ப்யூட்டர்ல பாத்தேன், புரிஞ்சிடுச்சு. பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டேன். இனிமே எதுக்குத் தொறக்கணும்?” என்றார். “அந்த ரசீது பக்கத்ததான் தெனம் தொறக்கறேன். எத்தினி தரம் படிச்சாலும் ஒண்ணும் வெளங்கல.”

இன்னும் இரண்டு லாட்ஜ் ஏறி இறங்கினேன். அங்கேயும் இதே கதைதான்.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் சொன்னேன். “ஒரே டாக்டர்கிட்ட தெனம் போறாங்கன்னா சீக்கு தீரலன்னுதானே சார் அர்த்தம்?”

“எனக்கே பாடம் எடுக்கறியா?” என்றார். என் பக்கங்களை நான் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் நின்றார். பௌர்ணமி முடிந்ததும் என் விஷயத்தை முடித்துவிடுவதாகவும் சொன்னார்.

இரு, உனக்கு இருக்கு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டேன். “சார், உங்க பக்கத்ததான் எல்லாரும் படிக்கறாங்க. அடியில உங்க பேரும் வீட்டு போன் நம்பரும் போட்டா ஊரே உங்கள தெரிஞ்சிக்கும்.”

மனுஷனுக்கு முகமெல்லாம் பல். “கொட்டை எழுத்துல போடு” என்றார். இருந்ததிலேயே பெரிய எழுத்தில் போட்டேன்.

அந்த மாதம் புதிதாக நாலைந்து லாட்ஜுகள் எங்கள் சாஃப்ட்வேரை வாங்கியிருந்தன. அவர்கள் சுவரில் என் தாள் கிடையாது. பௌர்ணமி அன்று ஒரே அறைக்கு முன்னால் இரண்டு குடும்பம் மூட்டையோடு நிற்க, சாஃப்ட்வேர் மறுக்க, ரசீதும் வராமல் போக, எல்லோரும் மேனேஜரின் பக்கத்தைத் திறந்தார்கள். அடியில் நம்பர் இருந்தது.

மறுநாள் ஷேவ் செய்யாத முகத்தோடு வந்து என் மேஜை முன்னால் நின்றார். “நேத்து விடிகாலைலருந்து போன்மா. குளிக்கப் போனா போன், சோத்துல கைய வச்சா போன். எங்க மாமியார் போன எடுத்து எவன்கிட்டயோ திட்டு வாங்கினாங்க. இன்னிக்கும் நிக்கல. நம்பர எடுத்துடும்மா.”

பக்கத்தை ஏற்றவும் இறக்கவும் தெரிந்தவள் அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான்.

“எடுத்துடறேன் சார். மொதல்ல என் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடுங்க. என் பக்கமெல்லாம் திரும்ப ஏறணும்.”

முறைத்தார். நான் கண்ணை இறக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். சீலும் வைக்கச் சொன்னேன்.

பௌர்ணமிப் பக்கத்தை அந்த நிமிஷமே ஏற்றிவிட்டேன். பாவம், லாட்ஜ்காரர்கள் என்ன செய்தார்கள். அவர் நம்பரை எடுக்கத்தான் அடுத்த பௌர்ணமி கழியும்வரை எனக்கு நேரமே கிடைக்கவில்லை.