கதவைத் திறக்காத எல்மீர்

எல்மீருக்கு முதல் கல்யாணம் நடந்தது பெருவெள்ளத்து வருஷம், அவளுடைய பதினெட்டாம் வயதில். லூசியானாவின் அந்த ஓடைக்கரை ஊரே முகாமில் கிடந்தது. சட்டி பானையெல்லாம் தண்ணீரோடு போயிருந்தது. புதுமணத் தம்பதி கதவைத் திறந்து விருந்து தரும்வரை வாசலில் தகரம் தட்டி ரகளை பண்ணும் ஷாரிவாரி வழக்கம் அவள் கல்யாணத்துக்கு நடக்கவில்லை; அதன்பிறகு அதை அவள் அடுத்தவர் வீடுகளில்தான் பார்த்தாள். அந்தக் குறையை யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் செத்த பிறகு இறால் உரித்துப் பிள்ளைகளை வளர்த்தாள்.

நாற்பத்தைந்து வயதில் படகோட்டி ஓவீடைக் கட்டிக்கொண்டாள். அன்று பொழுது சாய்ந்ததும் வாசலில் வாணலியும் மாட்டுமணியும் அதிர்ந்தன.

“ஏய் கிழவா, பொண்டாட்டியக் காட்டுறியா, கூரையப் பிரிக்கவா?” என்று கத்தினான் பக்கத்து வீட்டு அல்சிட்.

ஓவீடுக்கு முகம் சிவந்துவிட்டது. “இந்த வயசுல இது என்ன கூத்து? காபியும் கேக்கும் குடுத்து அனுப்பிடுவோம்.”

எல்மீர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். “கொஞ்சம் பொறுங்க. இன்னும் அடிக்கட்டும்.”

“காதே போயிடும்!”

“போகட்டும். இருபத்தேழு வருஷமா காத்திருக்கேன்.”

ஓவீட் அவளையே பார்த்தான். பிறகு அடுக்களையிலிருந்து இரண்டு மூடிகளை எடுத்துவந்து, உள்ளேயிருந்தே பதிலுக்குத் தட்டத் தொடங்கினான். வெளியே சத்தம் ஒரு கணம் நின்று, இருமடங்காக எழுந்தது. அவள் கதவைத் திறந்தபோது காபி ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஓவீட் இப்போது இல்லை. யாராவது அவனைப் பற்றிக் கேட்டால், எல்மீர் முதலில் சொல்வது அந்த மூடிச் சத்தத்தைத்தான். சொல்லும்போதே அவள் கைகள் தாமாகத் தட்டிக் காட்டுகின்றன.