வாகினெம் சுருதி தவறிய காலை

வாகினெம் ஜாவாவில் முப்பது வருஷமாகக் காமெலான் வாத்தியக் குழுவில் முன்வரிசைப் பாட்டுக்காரி. பெடான் ஊரில் ஒரு கல்யாண வீட்டில், காலைக் கச்சேரியில் சுருதி தவறினாள்.

காமெலானில் பெலோக், ஸ்லெந்த்ரோ என்று இரண்டு சுருதி. ஒவ்வொன்றுக்கும் தனி வாத்தியம். முந்தைய பாட்டு பெலோக்கில் முடிந்தது, அடுத்தது ஸ்லெந்த்ரோ. வாத்தியக்காரர் பார்மின் வழக்கம்போல அவளுக்கு எடுப்புச் சுரத்தைத் தட்டிக் காட்டினார். அவளோ பழைய பெலோக்கிலேயே இழுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ரத்மி சட்டென்று குரலை ஏற்றி அதை மூடினாள். விருந்தாளிகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இடைவேளையில் வாகினெம் ரத்மி மேல் பாய்ந்தாள். "உன்ன யாருடி மூடச் சொன்னா?"

"யாருக்குமே தெரியலக்கா."

"தெரியாத கழுதைங்களுக்கா பாடறேன் நான்?"

மத்தளம் வாசிக்கும் வாகினெத்தின் புருஷன் சுகிர் சிரித்தான். "உன்னத் திட்ட மாமியாக்காரி இல்லாத குறைய நீயே தீத்துக்கிறியேடி."

"தோல அடிக்கிறவன் சுருதியப் பத்திப் பேசாத."

தவறு தெரிந்தவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். வாகினெத்தின் சின்னச் சித்தி பெற்ற மூத்தவள் லெகியெம். கல்யாணமென்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள்தானே சமையலுக்கு வருவார்கள், அப்படி வந்தவள். ஒரு காலத்தில் இவளும் பாட்டுக்காரி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இவள் இதே தவறைச் செய்தபோது, குழு முழுக்கக் கேட்க, "சந்தைக்குப் போய்க் கோழி கூவி வில்லுடி" என்றவள் வாகினெம். அன்றோடு பாட்டை விட்டுவிட்டாள் லெகியெம்.

வாகினெம் நேரே அடுக்களைக்குப் போனாள். அந்த வாயால் நாலு வசவு வாங்கிக்கொண்டால்தான் மறுபடி மேடை ஏற முடியும் என்று இருந்தது அவளுக்கு.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." லெகியெம் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னத இன்னைக்கு நீ சொல்லிடு."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொன்னா உனக்கு ஆறிப்போயிடும். நீயே சொல்லிக்க. உன்ன மாதிரி சொல்ல யாருக்கு வரும்? தள்ளு, அடுப்ப மறைக்காத."

மறுபடி மேடை. பார்மின் சுரத்தைத் தட்டினார். ரத்மி முந்தப் பார்த்தாள்; அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு வாகினெம் எடுத்தாள். சுருதி அச்சாக விழுந்தது. சுகிர்கூடத் தலையாட்டினான்.

அடுத்த அடிக்குள்ளேயே, மூச்சு குட்டை, குரலில் கரகரப்பு, கிழட்டுக் கோழி என்று தனக்கே உள்ளுக்குள் வசவைத் தொடங்கிவிட்டாள். பாட்டு முடிந்தும் அது நிற்கவில்லை.