ஏணியின் தனி ஆட்டம்

பல்கலைக்கழகத்தில் நடனம் படிக்கப்போகிறேன் என்று ஏணி சொன்ன அன்று, அவனுடைய அப்பா சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். குழாய் வேலைதான் அவர் தொழில். ஊரார் வீட்டுக் குழாய்களையெல்லாம் சரிசெய்துவிட்டு, சொந்த வீட்டுக் குழாயைப் பார்க்க அன்றுதான் அவருக்கு நேரம் வாய்த்திருந்தது. ஆகவே தலையை வெளியே எடுக்காமலே பேசினார்.

"அதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"ஆடுற வேலைப்பா."

"ஆடுறதுக்கு எதுக்குடா டிகிரி?"

அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னார். அந்த வீட்டில் சம்மதம் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும்.

ஏணி என்பது அவனுடைய உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் வேலை பார்த்த சலவைக் கடையில் மேல் தட்டிலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால், "இருங்க, எங்க ஏணி சாயங்காலம் வருவான்" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

முதல் பருவம் முழுக்க நடனம் என்ற பேச்சே இல்லை. படுத்துக்கொண்டு மூச்சுவிடச் சொன்னார்கள். எழுந்து நடக்கச் சொன்னார்கள். அப்புறம் விழச் சொன்னார்கள். அடிபடாமல் விழுவது அங்கே தனிப் பாடம். அதற்குத் தேர்வும் உண்டு, அதில் தோற்றவர்களும் உண்டு. ஏணி சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா ஆசையாகக் கேட்பாள்.

"இன்னைக்கு என்னடா சொல்லிக் குடுத்தாங்க?"

"நடக்கறதும்மா."

"நீ ஒரு வயசு முடியறதுக்குள்ளயே நடந்துட்டியேடா!"

அவளுக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. தன் பிள்ளை குழந்தையாக இருந்தபோது தான் எதையோ சரியாகக் கவனிக்கவில்லையோ என்று சலவைக் கடையில் கூட இருந்தவளிடம் புலம்பினாள்.

இரண்டாம் ஆண்டில் ஜோடி நடனம் வந்தது. ஒருவரை ஒருவர் தாங்கி, தூக்கி, சுழற்றி இறக்குகிற பாடம். வகுப்பில் ஆண்கள் மூன்றே பேர். ஒருவனுக்கு முதுகுவலி. இன்னொருவன் எல்லாப் பெண்களையும்விடக் குட்டை. அவன் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாமவன் ஏணி. அன்றிலிருந்து அந்தத் துறையில் யார் கால் தரையைவிட்டு எழும்பினாலும் அதற்குக் காரணம் அவன்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அதில் அவன் கெட்டிக்காரன். தூக்குவது தோள்பலத்தால் ஆகிற காரியம் இல்லை என்பது அவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. அவள் குதிக்கப்போகும் மூச்சும் இவன் முழங்கால் மடங்கும் மூச்சும் ஒன்றாக இருக்க வேண்டும். இடுப்பெலும்பில் பிடிக்க வேண்டும். விலாவில் பிடித்தால் அவளுக்கு மூச்சு முட்டும். தூக்குவதைவிட இறக்குவதுதான் பெரிய பாடு. பாதம் தரையைத் தொடும் சத்தம் கேட்கக்கூடாது. ஏணி இறக்கினால் கேட்காது.

"நீ பின்னாடி இருக்கேன்னா எனக்கு பயமே இல்ல" என்பாள் சுருட்டை. சுருட்டை முடிக்காரி, வகுப்பிலேயே நன்றாக ஆடுகிறவள். அதைக் கேட்டு ஏணிக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. அவளைப் போலவே மற்றவர்களும் வரிசையாக வந்து அதையே சொன்னபோது குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது.

வீட்டில் அவனுடைய மேடைப் படங்கள் நிறைய சேர்ந்தன. எல்லாவற்றிலும் யாராவது ஒரு பெண் வானத்தில் இருந்தாள். அம்மா அவற்றைச் சலவைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டுவாள். "இதுல உங்க பையன் எங்க?" என்று கேட்பார்கள். "இந்தா, இந்தக் கை" என்பாள் பெருமையாக.

ஏணிக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. ஒரு தடவையாவது மேடையில் தனியாக நின்று ஆட வேண்டும். அதைப் பார்த்து யாராவது, ஆடுகிறவன் என்று அவனை வேலைக்கு எடுக்க வேண்டும். அதற்கு வழி இறுதித் தேர்வு. ஒவ்வொருவரும் ஒரு ஜோடி நடனமும் தாமே அமைத்த ஒரு தனி நடனமும் ஆடிக்காட்ட வேண்டும். பெயர்பெற்ற நடனக் குழு ஒன்றின் தலைவி அந்த ஆண்டு தேர்வாளராக வருகிறார், கையோடு ஆளும் எடுக்கப்போகிறார் என்று செய்தி பரவியது.

செய்தி பரவிய மறுநாளே பெண்கள் எல்லோரும் ஏணியைத் தேடி வந்தார்கள். எல்லோருக்கும் ஜோடி அவன்தான் வேண்டும். முடியாது என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. காலையில் ஒருத்தியைத் தூக்கினான், மதியம் ஒருத்தியைத் தூக்கினான், நடுவில் பல்கலைக்கழக உணவகத்தின் பின்கட்டில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் நடனத்தைத் தானே பழகினான். மேடையில் அவன் நடனத்துக்கு வெளிச்சம் வைத்துப் பார்த்த அன்றும் அவன் பக்கத்து ஸ்டுடியோவில் யாரையோ சுமந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பதிலாகச் சுருட்டை போய் நின்றாள். விளக்குக்காரர் அவள் தலைக்கு நேராக ஒரு வட்டம் பாய்ச்சி, அவள் காலடியில் வெள்ளை நாடா ஒட்டி அடையாளம் வைத்துவிட்டுப் போனார்.

தேர்வு நாளில் ஏணியின் முறை கடைசியில் வந்தது. அதற்குள் வகுப்பில் பாதிப் பேரைத் தூக்கி இறக்கியிருந்தான். கைகள் தன்னுடையவைதானா என்று அவனுக்கே சந்தேகம். அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அம்மாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. முன்னால் வட்டமாக வெளிச்சம். ஏணி ஆடினான். தன் வாழ்நாளிலேயே நன்றாக ஆடினான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சங்கடம், வெளிச்சத்தில் அவன் இல்லை. அதற்கு ஓர் ஆள் தள்ளிப் பின்னால், அரையிருட்டில் இருந்தான். முன்னால் காலி வட்டம். பின்னால் ஒரு நெட்டை உருவம் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தது. நாடாவை அவன் மறந்தே போனான். இரண்டு ஆண்டுகளாக மேடை அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது: வெளிச்சம் முன்னால், தான் பின்னால். எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

ஆடி முடித்ததும் கேள்வி நேரம். தேர்வாளர்களில் ஒருவர் நடன ஆய்வாளர். நடனத்தைப் பற்றிக் கனமான புத்தகங்கள் எழுதியவர், ஆடியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் காலி வட்டம்... அது யாரோட இழப்பு?"

"எந்த வட்டம் சார்?" என்றான் ஏணி.

ஆய்வாளர் பூரித்துப்போனார். "பாருங்க, அவருக்கே தெரியலை! அதுதான் கலை!"

பக்கத்தில் இருந்த துறைத்தலைவர் சும்மா இருப்பாரா? "பசங்கள முதல் வருஷத்துலேருந்தே இப்படி யோசிக்கப் பழக்கியிருக்கோம்" என்றார். அவரும் அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

ஏணி திரும்பித் தரையைப் பார்த்தான். நாடா அங்கே இருந்தது. தான் நின்றது எங்கே என்பதும் தெரிந்தது. ஆமாம் சார், இழப்புதான் என்று தலையாட்டினால் போதும். வகுப்பில் முதல் மதிப்பெண் அவனுக்குத்தான். தலையாட்டத்தான் நினைத்தான். ஆனால் ஆசை ஆசையாகக் காத்திருந்த ஒரு வாய்ப்பையும் அடுத்தவர்களுக்கு இடம்விட்டே தொலைத்துவிட்டோமே என்ற ஆத்திரம் முந்திக்கொண்டது.

"இழப்பெல்லாம் ஒண்ணும் இல்ல சார். அங்க நான் நின்னிருக்கணும். தப்பா நின்னுட்டேன்."

அதுவரை குனிந்திருந்த குழுத் தலைவி நிமிர்ந்தார். குட்டையாக வெட்டிய முடி, கசங்கிய சட்டை. பேச்சில் ஒரு சொல் அதிகம் இருக்காது.

"ஏன் தப்பா நின்னீங்க?"

"எப்பவும் எனக்கு முன்னாடி யாராவது இருப்பாங்க மேடம். வெளிச்சம் அவங்க மேலதான் விழும். இன்னைக்கும் அதே மாதிரி இருந்துச்சா, வித்தியாசமா தெரியலை."

"மறுபடி ஆடுங்க. அங்க நின்னு."

"டீ வர்ற நேரம் மேடம்" என்றார் துறைத்தலைவர்.

"எனக்கு வேண்டாம். நீங்க குடிங்க."

ஏணி நாடாமேல் போய் நின்றான். வெளிச்சம் கண்ணில் அறைந்தது. எதிரே எல்லாம் கும்மிருட்டு. முதல் சுழற்சியிலேயே தடுமாறினான். யாருடைய இடுப்பும் இல்லாத இடத்தில் கைகள் வழி தெரியாமல் தவித்தன. குதித்து இறங்கியபோது பலகை அதிரத் தடாலென்று சத்தம் கேட்டது. இத்தனை பேரைச் சத்தமில்லாமல் இறக்கியவனுக்கு, தன்னை இறக்கத் தெரியவில்லை. அவமானத்தில் காது சூடாகிவிட்டது. நடுவில் நடனமே மறந்துபோனது. நின்றான். ஓடிவிடலாமா என்று நினைத்தான். ஆனால் அந்த இடத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. வாய்த்ததே இப்போதுதான். மறந்த இடத்தைத் தாண்டிக் கைக்கு வந்ததை, காலுக்கு வந்ததைக் கோபமாக ஆடி, மூச்சு வாங்க ஒரு வழியாக முடித்தான்.

"முதல்ல ஆடினதுதான் நிஜமான படைப்பு" என்றார் ஆய்வாளர் டீக்கோப்பையோடு.

குழுத் தலைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மேடை விளிம்புக்கு வந்தார்.

"தூக்கறதுக்கு ஒரு ஆள் தேடித்தான் வந்தேன். உங்களைப் பத்தி முன்னாடியே சொல்லியிருந்தாங்க. சரின்னா அந்த வேலை இப்பவே உங்களுக்கு."

"ஆடறதுக்கு, மேடம்?"

"ஆடறதுக்கு நீங்க இன்னும் தேறலை. முதல் தடவை ஆட்டம் இருந்துச்சு, ஆள் இல்ல. இப்ப ஆள் இருக்கு, ஆட்டம்தான் இல்ல. ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்துடலாம், அதுக்கு நாளாகும். கடைசி இடத்துலேருந்து ஆரம்பிக்கணும். சம்பளம் கம்மி. எது வேணும்?"

திரையோரம் நின்ற சுருட்டை, முதல் வேலையை வாங்கிக்கொள்ளச் சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள்.

"தூக்கற வேலை முடியாது மேடம்" என்றான் ஏணி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தலைவி சரி என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் தேடப் போய்விட்டார்.

வெளியே மரத்தடி பெஞ்சில் அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். மகன் வரும் கோலத்தைப் பார்த்து அம்மா எழுந்து நின்றாள்.

"என்னடா சொன்னாங்க?"

"எனக்கு ஆடத் தெரியலையாம்மா."

"மூணு வருஷம் படிச்சுமா?"

"ஆமா. அதனால அவங்க குழுவுல வந்து கத்துக்கச் சொல்லிட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து. சம்பளம் உண்டு."

அப்பா இதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் போட்டுப் புரட்டினார்.

"ஆடத் தெரியாததுக்குச் சம்பளமா?"

"ஆமாப்பா."

"அப்ப தெரிஞ்சவங்களை என்ன பண்றாங்க?"

ஏணி சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது; அதை அவன் நிறுத்தப் பார்க்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினான். காலையிலிருந்து அத்தனை பேரைத் தூக்கிய கை, பாதிக்குமேல் எழவில்லை. அம்மாதான் பெஞ்சின்மேல் ஏறி நின்று துடைத்துவிட்டாள்.