பூட்டிய வீட்டில் ஓடும் கம்ப்யூட்டர்

என் அப்பா, மேல்மாடியில் குடியிருக்கும் ராதிகா அக்காவின் பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அக்கா ஆறரைக்கே கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் கை வைத்தால் சூடான காற்று வந்தது. அப்பா இரண்டு மாடி இறங்கி வந்து அம்மாவிடம், "பூட்ன ஊட்டுக்குள்ள இன்னாவோ ஓடிகினு கீது," என்றார்.

அப்பா பெயர் கங்காதரன். மாநகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முகப்பேரில் நாங்கள் இருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்கின் சங்கச் செயலாளரும் அவர்தான். முப்பது வருடம் ஓடும் பஸ்ஸில் ஏறியவருக்கு, எதிரில் இருப்பவர் டிக்கெட் எடுக்கவில்லை என்று வைத்துத்தான் பேச வரும். எங்கள் வீட்டில் பால்காரர் கூட இரண்டு தடவை கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போக முடியும்.

ராதிகா அக்கா மேல் அவருக்கு முன்பே ஒரு கண் இருந்தது. அக்காவுக்கு நாற்பத்தோரு வயது. கணவரை விட்டுப் பிரிந்து தனியாக இருக்கிறார். மாதத்துக்கு மூன்று நான்கு பார்சல் வரும், எல்லாம் தட்டையான சிறு பெட்டிகள். காஸ் சிலிண்டர் போடுகிறவரைத் தவிர யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார். தண்ணீர் வரிசையில் நின்றால் குடத்தைத்தான் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவரை அல்ல. இவ்வளவு போதாதா? பொருளாளர் வேம்புலி, தெருமுனையில் மொபைல் கடை வைத்திருப்பவர், அது திருட்டு சிடி வேலைதான் என்று அடித்துச் சொன்னார். ஒரு நாள் போலீஸ் வந்தால் பிளாக் மொத்தத்துக்கும் கெட்ட பெயர் என்றார்.

அப்போது நான் பிளஸ் டூ முடித்து, எந்த கோர்ஸிலும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டார். உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, மேலே போய் அந்த அம்மா என்ன செய்கிறது என்று பார்த்து வா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். எக்ஸெல் சொல்லித் தருவீர்களா என்று கேட்பது என் ஏற்பாடு. அக்கா கதவைச் சங்கிலி நீளத்துக்குத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பவ்யா, உங்கப்பா அனுப்ச்சாரா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சங்கிலியை எடுத்தார்.

உள்ளே ஒரே அறைதான் உபயோகத்தில் இருந்தது. மேஜை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கவாட்டு மூடி கழற்றி வைக்கப்பட்டு, அதன் குடலைப் பார்த்து ஒரு டேபிள் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. அப்பா கேட்ட இரைச்சல் அது. சுவர் முழுக்க அலமாரி, அதில் நீல நிறப் பெட்டிகள் வரிசையாக. எல்லாம் சினிமா டிஸ்க், ப்ளூ-ரே. எல்லாவற்றின் முதுகிலும் வாங்கிய தேதி எழுதிய சின்னச் சீட்டு. பெட்டிக்குள் பில் மடித்து வைத்திருந்தார். நான் கேட்காமலே நாலைந்து பெட்டிகளைத் திறந்து பில்லைக் காட்டினார். அப்பாவிடம் போய்ச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தே காட்டினார் என்று இப்போது தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்றால், டிஸ்கில் நாற்பது ஜிபி இருக்கும் படத்தைச் சிறிதாக்குகிறது. எதற்கு என்றேன். திருவேற்காட்டில் அவருடைய அக்கா கலைவாணி இருக்கிறார். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபின் அவரால் அதிகம் நடக்க முடியாது. வீட்டிலேயே உட்கார்ந்து நாள் முழுக்க பிளவுஸ் தைக்கிறார். தையல் மெஷினுக்கு எதிரே ஒரு பழைய டிவி. அதில் பென் டிரைவ் சொருகலாம், ஆனால் நாலு ஜிபிக்கு மேல் உள்ள ஃபைலை அது தொடாது. புது டிவி வாங்கித் தருகிறேன் என்றால், இதான் ஓடுதே என்பாராம். அதனால் ராதிகா அக்கா நாற்பதை நாலுக்குள் கொண்டுவருகிறார். மூன்று மணி நேரப் படத்தை இடைவேளையில் வெட்டி இரண்டு துண்டாக்குகிறார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் அவருக்குப் பதினாறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அளவுக் கட்டையைத் துளையில் விட்டு, நுழைந்தால் நல்லது, நுழையாவிட்டால் சிவப்புத் தட்டு. வீட்டிலும் அதே புத்திதான். முழுப் படத்தையும் ஓடவிடும் முன், அதில் ரொம்ப இருட்டான ஒன்றரை நிமிடத்தை மட்டும் சிறிதாக்கிப் பார்ப்பார். இருட்டில் கட்டம் கட்டமாக உடைந்தால் அளவை மாற்றி மறுபடி. மூன்று தடவை, ஐந்து தடவை. சரியானபின் காலையில் தட்டிவிட்டு வேலைக்குப் போவார். கம்ப்யூட்டர் முதல் சுற்றில் படத்தை வெறுமனே பார்த்து எங்கே எவ்வளவு இடம் வேண்டும் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில்தான் எழுதும். ஒன்பது மணி நேரம் ஆகும்.

"சண்டை கூட பரவால்ல. மழை வந்தாதான் பயம். ஒவ்வொரு துளிக்கும் எடம் குடுக்கணும்," என்றார். நம் படத்தில் மழைப் பாட்டு இல்லாமல் இருக்காதே என்று சொன்னேன். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முடித்த படம் ஒன்றை ஓட்டிக் காட்டினார். முதல் துண்டு முடியும் இடத்தில் பத்து விநாடி திரை கறுப்பானது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: "அக்கா, டீ போடு." தியேட்டரில் இடைவேளை என்று வருமே, அந்த மாதிரி அவரே செய்து போட்டது. கலைவாணி அந்த வரி வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடப்பாராம். அந்த நடையாவது நடக்கட்டும் என்றுதான் போடுகிறேன் என்றார்.

நான் கீழே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொந்தக் காசில் வாங்கிய டிஸ்க், அவருடைய அக்காவுக்கு மட்டும் ஒரு காப்பி, பில்லும் இருக்கிறது. அப்பா சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கேட்டார். "எல்லாரும் டிக்கெட் எடுத்துட்டேன்னுதான் சொல்வான். கையில காட்டணும்," என்றார். ஒரு படத்தை வாங்கி வா, மாதிரிக்கு என்றார்.

இதற்கு நடுவே எக்ஸெல் சாக்கில் போய்ப் போய் நான் ராதிகா அக்காவை ஓரளவு தெரிந்துகொண்டிருந்தேன். இது அவருக்கு நாலு வருடத்தில் மூன்றாவது வீடு. அண்ணனூரில் ஒரு வீட்டுக்காரர், தனியாக இருக்கிற பெண் வேண்டாம் என்று காலி செய்யச் சொன்னார். அடுத்த வீட்டில் காரணமே சொல்லவில்லை. இந்த வீட்டிலிருந்து கம்பெனிக்கும் ஒரே பஸ், கலைவாணியைப் பார்க்கவும் அதிக தூரம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் போய் அவரைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறார். இந்த வீடும் போனால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. பேசினால் ஒன்று பத்தாகும் என்று நினைத்தார். பேசாததே பத்தானது அவருக்குத் தெரியாது. இது எல்லாம் தெரிந்தும் நான் படம் கேட்டேன். அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள் என்று பொய் சொன்னேன்.

ஒரு வாரம் அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, ஒரு சிவப்பு பென் டிரைவை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பார்த்துவிட்டு அழித்துவிட வேண்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது, பென் டிரைவ் திரும்பி வரவேண்டும் என்றார். தன் அக்காவைத் தவிர வேறொருவருக்குக் கொடுப்பது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். நான் அதை எங்கள் வீட்டில் சொருகிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி பீரோவில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, காலையில் தண்ணீர் பிடிக்கக் கீழே போனால் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "பவ்யாக்கா, தண்ணி புடிச்சிட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கையில் குடத்தோடு நிற்பவளிடம் கேட்கும் கேள்விதானே என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் கடைக்குப் போனாலும் கேட்டார்கள், சாயங்காலம் மாடிப்படியிலும் கேட்டார்கள், கேட்டுவிட்டு ஓடினார்கள். ஏன் எல்லாரும் அதே வார்த்தையை அதே மாதிரி சொல்கிறார்கள் என்று எனக்கு உறுத்தியது. கேட்டால் சிரித்தார்களே தவிர யாரும் சொல்லவில்லை.

அதே வாரம் அப்பா கோபமாக வந்தார். கீழ்வீட்டுப் பையன் மொபைலில் ஒரு படம் இருந்தது. பென் டிரைவில் வந்த அதே படம். பக்கத்து பிளாக்கிலும் இருந்தது. ராதிகா ஊர் முழுக்கக் காப்பி விடுகிறாள், இதோ சாட்சி என்றார். அக்கா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அழகேசனுக்குப் பூந்தமல்லிக்குப் போன் போட்டார். ஞாயிறு காலை சங்கக் கூட்டம், நீங்களும் வாருங்கள், உங்கள் வீட்டைக் காலி செய்ய வைப்பதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்றார்.

நான் மாடிக்கு ஓடிப் போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது. எனக்கு ஒரு காப்பி கொடுத்தவர் இன்னும் நாலு பேருக்குக் கொடுத்திருக்கலாமே என்று நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டம் வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் அப்பா, வேம்புலி, அழகேசன். சுற்றிலும் பிள்ளைகள். ராதிகா அக்கா உட்காரவில்லை, தூணருகே நின்றார். அப்பா கீழ்வீட்டுப் பையனின் மொபைலை உயர்த்திப் பிடித்து, இந்தப் படம் யாரிடமிருந்து கிளம்பியது, இந்த பிளாக்கில் இந்த மாதிரி மெஷின் வேறு யார் வீட்டில் ஓடுகிறது என்று கேட்டார். வேம்புலி, அதான், அதைக் கேளுங்க என்றார். அழகேசன் சங்கடமாக நெளிந்தார். ஏம்மா, நீ என்ன சொல்கிறாய் என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

"என்னோடதுதான் சார். இன்டர்வெல்லுக்குப் போங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. பையன் மொபைலை வாங்கி முதல் துண்டின் கடைசிக்குத் தள்ளினான். தள்ளும்போதே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரை கறுப்பானது. அதில் வெள்ளை எழுத்தில் வந்தது:

"பவ்யா, தண்ணி புடிச்சிட்டியா?"

அப்பா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைத் தேடினார்.

"எங்க கம்பெனியில ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு முத்திர கீது சார்," என்றார் அக்கா. "பீஸ் எங்க போனாலும் யார் கைல இருந்து போச்சுன்னு தெரியணும். எங்க அக்காக்கு குடுத்ததுல அக்கா பேரு இருக்கும். இதுல உங்க பொண்ணு பேரு கீது. நான் குடுத்தது அவளுக்கு. அவ யாருக்குக் குடுத்தான்னு நீங்கதான் கேக்கணும்."

யாரும் கேட்பதற்கு முன் நானே எழுந்தேன். அம்மா பார்ப்பதற்கு என்று பொய் சொல்லி வாங்கினேன், அப்பாவிடம் கொடுத்தேன் என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டே, திருட்டுக் காப்பியா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி வேம்புலியிடம் ஒரு நாள் கொடுத்து வாங்கியதாகச் சொன்னார். இப்போது எல்லாரும் வேம்புலியைப் பார்த்தார்கள். அவர் கஸ்டமர் ஒருத்தர் கேட்டார், ஒரே ஒருத்தர்தான் என்று ஆரம்பித்தார்.

"எனக்கு இருபது ரூபாக்கு ஏத்திக் குடுத்தாரு," என்றான் கீழ்வீட்டுப் பையன்.

அதற்கு மேல் கூட்டத்தில் பேச ஒன்றும் இல்லை. அழகேசன் எழுந்து, நீ இரும்மா, உன்னை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை என்றார். அப்பா வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து அந்தக் கவரை எடுத்து வந்தார். தேதி எழுதிய கவரோடு நீட்டினார். அக்கா பென் டிரைவை மட்டும் எடுத்துக்கொண்டு கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடி ஏறினார். அப்பா அந்த வெறும் கவரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரை அவர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கியவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் இப்போதும் காலையில் பூட்டிய வீட்டில் ஓடுகிறது. யாரும் கதவில் காது வைப்பதில்லை. பார்சல் வந்தால் அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கி, கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டு வருகிறார். நான் மூன்று தடவை போய்க் கதவைத் தட்டினேன். சங்கிலி எடுக்கப்படவில்லை. மன்னிப்பும் சங்கிலி வழியாகத்தான் கேட்டேன், சரி போ என்றார்.

நேற்று தண்ணீர் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். வழக்கமாக யாரிடமும் பேசாதவர், என் குடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பவ்யா, தண்ணி புடிச்சிட்டியா?" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பாதி நிறைந்திருந்த என் குடத்தை நகர்த்திவிட்டு, நீங்க புடிங்க அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தன் குடத்தைக் குழாயடியில் வைத்தார்.