பதினோரு வருடம் ராஜா

வர்ணா நகரத்துக்குப் பக்கத்தில், கருங்கடலைப் பார்த்து நிற்கிற எங்கள் அரண்மனையில் ஷெகோ நாற்பது வருடம் திராட்சைத் தோட்ட வேலை பார்த்தான். போன வாரம் செத்துப்போனான். கூட வேலை செய்தவன் என்று என்னை நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

ஒரு இளவரசர் கோடைக்காலம் கழிக்கக் கட்டிய அரண்மனை அது. பிறகு ராஜாக்கள் இருந்தார்கள். ஷெகோ தோட்டக்காரர் குடியிருப்பில் பிறந்த வருடம்தான் ராஜ குடும்பம் நாட்டைவிட்டுப் போனது. அதன்பின் கட்சித் தலைவர்கள் கடலில் குளிக்க வந்தார்கள். இப்போது மந்திரிகள் வருகிறார்கள். ராஜா என்ற பேச்சையே எடுக்கக்கூடாத காலத்திலும், பிப்ரவரியில் திராட்சைக் கொடிகளை வெட்டிக் கழிக்கிற நாளன்று நாங்கள் ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுப்போம். வெட்டிய கொடியைச் சுற்றிக் கிரீடம் வைத்து, ஒயின் ஊற்றி, தோளில் தூக்கிப் போவோம். விளைச்சல் நன்றாக இருந்தால் அடுத்த வருடமும் அவரே ராஜா. கெட்டால் வேறு ஆள்.

ஷெகோ பதினோரு வருடம் ராஜா. எனக்கு ஒரே ஒரு வருடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"நீயும் வருஷா வருஷம் அவனைத் தூக்கிட்டுத் திரியுற. தோள் தேஞ்சதுதான் மிச்சம்," என்பாள் என் மனைவி ருசானா.

ஒரு ஜூனில் ஆலங்கட்டி மழை கொட்டியது. பிஞ்செல்லாம் தரையில். எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நான் கொட்டகைக்குள் போய்ச் சிரித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் கிரீடம் எனக்கு வந்தது. என்னைத் தூக்க முதலில் ஓடிவந்தவன் ஷெகோ.

"டேய் வெல்சோ, என்னடா இந்தக் கனம் கனக்குற? ராஜாவாகணும்னே தின்னியா?"

"முடியலன்னா இறக்கி விடு."

"சும்மா உக்காருடா! நல்லவேளை நீ வந்த. உசரம்னா எனக்குத் தலை சுத்தும். இத்தனை வருஷமும் கண்ணை மூடிக்கிட்டுதான் மேல உக்காந்திருந்தேன்."

நான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். துளி பொறாமையாவது இருக்குமா என்று தேடினேன். கடல் வாசல்வரை பாடிக்கொண்டே வந்தான், படுபாவி.

அந்த வருடம் அமோக விளைச்சல். பாதி வரிசை அவன் கழித்த கொடிகள். ராஜா பட்டம் எனக்கே நீடித்தது. அதற்கும் கைதட்டினான்.

ஒரே ஒரு தடவை அவன் என்னைப் பார்த்து வயிறெரிந்திருந்தால், நானும் அன்றோடு அதை விட்டிருப்பேன்.