திருப்பிக் கொடுக்காத கிண்ணம்

அலங்காரச் சாமான் என்றாலே எனக்கு ஆகாது. கண்ணாடி அன்னம், பிளாஸ்டிக் ரோஜா, சுவரை அடைக்கிற படங்கள், இதெல்லாம் தூசி தட்டுவதற்கென்றே வாங்குவது. கடல்கடந்து வந்து இந்த குவேக்கர்ஸ் ஹில் புறநகர் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என் சட்டம் ஒன்றுதான்: கைக்கு உதவாத பொருள் கண்ணுக்கும் வேண்டாம். ஜன்னலுக்குப் பழைய சுங்குடிப் புடவை, சமையல் மேடையில் பித்தளை ஃபில்டர், கொக்கியில் முறம். வருகிறவர்கள் "அழகா வச்சிருக்கீங்க" என்பார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அதிலும் எல்லோரும் விசாரிப்பது வாசல் மேசையில் சாவி போட்டுவைக்கிற கிண்ணத்தைத்தான். நீலப் பூப்போட்ட பீங்கான். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், "பழைய சாமான் கடையில" என்று கூசாமல் சொல்வேன்.

பொய். அது நான்கு வீடு தள்ளியிருந்த ஈழத்துக்காரர், மன்னார் அக்காவுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் நண்டுக் கறி ஊற்றிக் கொடுத்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் ஊரிலும் இல்லை, அவர் ஊரிலும் இல்லை. அந்த நண்டுக்கு ஈடாக அதிரசம்தான் சுட வேண்டும் என்று எனக்கு வீம்பு. முதல் தடவை எண்ணெயில் பிரிந்துபோனது. இரண்டாம் தடவை கல்லாக வந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். நடுவில் ஒருநாள் சும்மா சாவியை அதில் போட்டேன். மேசைக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அக்காவும் கேட்கவில்லை. கொடுத்த பாத்திரத்தை யார் வாய்விட்டுக் கேட்பார்கள்?

பிறகு அக்காவுக்கு வியாதி என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிண்ணத்தையா தூக்கிக்கொண்டு போவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறே வாரத்தில் போய்விட்டார்.

அதன்பின் வேலை முடிந்து வந்து சாவியைப் போடும்போதெல்லாம் 'ணங்'கென்று சத்தம் எழுந்தது. யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அடியில் துணி விரித்தேன். சத்தம் நின்றது, பயம் நிற்கவில்லை. அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன். அந்த வெறும் மேசையைத் தாண்டிப் போகவே முடியவில்லை. மறுபடி எடுத்து வைத்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் கணவர் வந்தார். வீட்டை விற்றுவிட்டு மெல்பர்னில் மகளோடு இருக்கப் போகிறாராம், சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவர் கண்ணில் கிண்ணம் பட்டுவிட்டது.

"இதே மாதிரி ஒண்டு எங்கட வீட்டிலயும் இருந்தது, தங்கச்சி. வருத்தம் வந்து படுக்கையில கிடக்கேக்க அவ அதைத் தேடத் தொடங்கிட்டா. ஆருக்குக் குடுத்தனான் எண்டு அவவுக்கு ஞாபகம் வரேல்ல. நான்தான் உடைச்சு ஒளிச்சு எறிஞ்சுபோட்டன் எண்டு ஒரே சண்டை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லை இல்லை எண்டு சொல்லிப் பாத்தன். கடைசியில, ஓம், நான்தான் உடைச்சனான் எண்டிட்டன். பிறகு என்னோட கதைக்கவே இல்ல. நாலாம் நாள் அவவின்ர காலம் முடிஞ்சுது. இப்ப எனக்கே சந்தேகம், உண்மையா உடைச்சனானோ எண்டு."

ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் சாவியையும் துணியையும் எடுத்து மேசையில் வைத்தேன். கிண்ணத்தைக் கழுவினேன். அப்போதும் வெறுமையாக நீட்ட மனம் வரவில்லை. கையில் அகப்பட்ட சர்க்கரையை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"அண்ணா, இது உங்க வீட்டுதுதான். நான் திருப்பிக் குடுக்கவே இல்ல."

வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்து, விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் உடைக்கேல்ல, என்ன?"

"இல்லண்ணா."

விளிம்பை இன்னொரு சுற்றுத் தடவிவிட்டு அவர் அதையே மறுபடியும் கேட்டார்.