தமிழில் எழுதிய விண்ணப்பம்

நெய்யாற்றின்கரை தாலுகாவில் தமிழர் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம். எழுதினால் பதிலும் தமிழிலேயே தரவேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாலுகா ஆபீசில் கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு அது மனப்பாடம். எங்கள் பஞ்சாயத்து செக்ரட்டரிக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

பஞ்சாயத்துச் சந்தை வாரத்தில் இரண்டு நாள் கூடும். மற்ற நாள்களில் காலி. பாறை உடைப்பவர்களின் காலனிப் பிள்ளைகள் படித்த பள்ளியிலோ, கொடிமரம் நட்டதுபோக மிஞ்சிய இடத்தில் ஒரு ஆடு மேயலாம். தொண்ணூறுகளின் நடுவில், ஓய்வு பெற்ற மறுவருடம், சந்தையில் பிள்ளைகள் விளையாட ஏற்பாடு செய்ய நான் சிலரைப் போய்ப் பார்த்தேன். மிஷன் சபை வாலிபர்கள் வலையும் இரண்டு பந்தும் தந்தார்கள். கோயில் உற்சவக் கமிட்டி கம்பம் நட்டு, சந்தைக் குப்பையையும் வாரியது. ஒலிபெருக்கி விஷயமாக ஒருவர்மேல் ஒருவர் மனு கொடுத்தவர்கள் இவர்கள். அந்த மனுக்கள் என் மேசைக்கே வந்திருக்கின்றன.

காலனிப் பெண்பிள்ளைகள் மாலையில் வாலிபால் ஆடத் தொடங்கினார்கள். தனுவச்சபுரத்தில் ஒரு விளையாட்டு வாத்தியார், ஆண்டுப் பரீட்சைக்கு முன் வந்து பார்த்து, நன்றாக ஆடுகிறவர்களைத் தன் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அப்போதுதான் அந்த செக்ரட்டரி மாற்றலாகி வந்து, சந்தைக் கேட்டில் பூட்டுப் போட்டார். நான் நேரில் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

“பெர்மிஷன் உண்டோ? அப்ளிகேஷன் தரணும். பென்ஷன் ஆயாச்சுல்லா சாரே, இனி வீட்டில இருந்து ரெஸ்ட் எடுக்கணும்.”

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கோப்பு கட்டச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

எனக்கு மலையாளம் அவரைவிட நன்றாக எழுத வரும். வீட்டுக்கு வந்து தமிழில் எழுதினேன், நான்கு பக்கம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஆபீஸ் பியூன் என் விண்ணப்பத்தையே தூக்கிக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

“சாரே, இதுல என்ன எளுதியிருக்குன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல்ல. ஒண்ணு மலையாளத்துல ஆக்கித் தரணுமாம்.”

“என்னத்துக்கு?”

“தள்ளுகதுக்காக்கும்.”

“எனக்க மனுவ தள்ளுகதுக்கு நானே எளுதித் தரணுமா? செக்ரட்டரிய எளுத்துல கேக்கச் சொல்லும். தமிழுல.”

“அது அவருக்குத் தெரிஞ்சா நான் எதுக்கு சாரே இந்த ஏத்தத்துல சைக்கிள் மிதிக்கேன்?”

சாயா குடித்துவிட்டு விண்ணப்பத்தோடு திரும்பிப் போனார்.

பிறகு ஒரு பெண் வந்தாள். பாறையில் ஜல்லி சுமப்பவள். அவள் மகள்தான் அந்தக் கூட்டத்தில் பந்தை நன்றாக அடிப்பவள்.

“சாரே, நீங்க மலையாளத்துல எளுதிக் குடுத்தா பூட்டத் தெறப்பாவளா?”

“தெறக்கலாம்.”

“பின்னே?”

சட்டத்தை விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“சட்டம் ஒங்களுக்க பக்கமாக்கும், செரி. அந்த தனுவச்சபுரம் மாஷு வரும்போ பூட்டயா பாப்பாரு?”

நான் அசையவில்லை. ஒரு நகலைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினேன். அங்கிருந்து விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. தமிழ் மனு எதுவும் வரவில்லை என்று செக்ரட்டரி பதில் எழுதினார். அவரே கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை என்னிடம் இருந்தது. அதன் நகலும் போயிற்று. பொது மாற்றலில் அவரை மலைப்பக்கம் தூக்கிப் போட்டார்கள். அவர் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்ற காலையில், வீட்டுக்குப் பேப்பர் வந்த பிறகும், பேப்பர் வாங்க ஜங்ஷனுக்குப் போனேன். அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் தனுவச்சபுரம் வாத்தியார் சொன்னபடி வந்திருந்தார். கேட் கம்பி வழியாக வலையில்லாத இரண்டு கம்பங்களைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். ஏழாம் வகுப்பு முடிந்ததும் ஜல்லி சுமப்பவளின் மகள் முந்திரி உடைக்க அண்டியாபீசுக்குப் போகத் தொடங்கினாள்.

புதிய செக்ரட்டரி எங்கிருந்தோ ஒரு தமிழ் டைப்பிஸ்டைப் பிடித்தார். தமிழில் அடித்த உத்தரவில் நான் கேட்ட அனுமதி முழுவதும் வழங்கப்பட்டிருந்தது. ஒரு பிழை இல்லை. அது என் கைக்கு வந்தது ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த அன்று.